பிரியாணிக் கடையில் கிடைத்த வாசகர்கள்

ஆம்பூர்,
ஞாயிற்றுக்கிழமை.

மூத்த சகலை திரு. தணிகாசலம் அவர்களுக்கு, இளைய சகலை ஜலகண்டேசன் உரிய மரியாதையுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் ரேணுகாவும் சுகம். அங்கே நீங்களும் ரேணுகாவின் அக்காவும் சுகமாகவே இருப்பீர்கள். பிறர் எழுதியதை வேண்டாம் என்று சொல்லும் தொழிலில் இருப்பவர்களுக்கு ரத்த அழுத்தம் வருவதில்லை என்று எங்கள் டாக்டர் சொல்கிறார்.

விஷயத்துக்கு வருகிறேன். நான்கு வருடம் உட்கார்ந்து எழுதிய என் ‘சுண்ணாம்புத் தொட்டி’ நாவலை, நானூற்று அறுபத்திரண்டு பக்கங்களையும் வேலூர் லாங் பஜாரில் ஸ்பைரல் போட்டு, மழைக்குப் பயந்து இரண்டு பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து, சென்னைக்குப் பஸ் ஏறி வந்து உங்கள் பதிப்பகத்தில் நேரில் கொடுத்தேன். நீங்கள் டீ சொல்லி அனுப்பினீர்கள், டீ வரவில்லை, அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பதினோரு மாதம் கழித்து, கைப்பிரதி வரவில்லை, நாலு வரிக் கடிதம் மட்டும் வந்தது. அதை லேமினேட் செய்து வைத்திருக்கிறேன். ‘இதைக் கடைசிப் பக்கம் வரை படிக்கக்கூடிய வாசகர் ஒருவரை, ஒரே ஒருவரை எனக்குக் காட்டுங்கள், என் செலவிலேயே அச்சிடுகிறேன்’ என்று எழுதியிருந்தீர்கள். ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு புத்தக வெளியீட்டு விழாவில் ஊரார் முன்னிலையில், “நம்ம சகலை, ஆம்பூர்ல தோல் கம்பெனில இருக்காரு, கொஞ்சம் எழுதுவாரு” என்று என்னை அறிமுகப்படுத்தியவரும் நீங்கள்தான். அந்தக் ‘கொஞ்சம்’ இன்னும் என் காதில் இருக்கிறது. எம்.ஏ.வில் பல்கலைக்கழக அளவில் ஏழாவது இடம் பெற்றவன் நான். உங்கள் பட்டம் வணிகவியலில் என்பதை இங்கே குறிப்பிடப் போவதில்லை.

அன்றே முடிவு செய்தேன். பதிப்பகம் வேண்டாம், கடை வேண்டாம், நடுவில் சகலையும் வேண்டாம். நானே மின்னூலாக்கி நானே வாசகனுக்கு நேராக விற்பது. அத்தியாயம் அத்தியாயமாக இருந்ததை ஒரே கோப்பாகக் கோத்தேன். அட்டைக்கு எங்கள் கம்பெனி வாசல் கேட்டைக் கைபேசியில் படம் பிடித்தேன், படத்தில் வாட்ச்மேனும் கொஞ்சம் விழுந்திருக்கிறார், பரவாயில்லை. விலை நூறு ரூபாய். பணம் அனுப்பியவரின் எண்ணைப் பார்த்து, அடுத்த நிமிடமே வாட்ஸ்அப்பில் நாவல் போய்ச் சேரும், கூடவே என் கையெழுத்திட்ட வாழ்த்தும் போகும். முதல் மாதம் நான்கு பேர் வாங்கினார்கள். நால்வரும் எங்கள் ஏற்றுமதிப் பிரிவில் எனக்குக் கீழே வேலை செய்பவர்கள், அவர்களுடைய லீவுக் கடிதத்தில் கையெழுத்துப் போடுவது நான் என்பதால் அவர்களை நான் கணக்கில் சேர்க்கவில்லை. என் நேர்மையை நீங்கள் கவனிக்க வேண்டும்.

இந்தச் சமயத்தில்தான் என் பள்ளிக்கூடத் தோஸ்த் இஷ்தியாக் அகமது உதவிக்கு வந்தான். பைபாஸ் ஓரத்தில் பிரியாணிக் கடை வைத்திருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை மதியம் பெங்களூர் கார்கள் வரிசையில் நிற்கும். “உன் போஸ்டரு தானே, கல்லா பக்கத்துல ஒட்டிக்க, வர்றவன் போறவன் பார்க்கட்டும்” என்றான். நல்ல தடித்த தாளில் அச்சடித்து ஒட்டினேன். நடுவில் பெரிதாக கியூஆர் கோடு, மேலே சிவப்பு எழுத்தில் ‘ஆம்பூரின் அசல் மணம்! ஸ்கேன் செய்தால் உடனே உங்கள் கையில்!’ என்ற வாசகம், அழகு கருதி நாவலின் பெயர் கீழே சிறிய எழுத்தில். பக்கத்திலேயே கடையின் சொந்த கியூஆர் ஸ்டிக்கர் இருந்தது, ஆனால் மசாலாக் கை பட்டுப் பட்டு அது மங்கிப்போயிருந்ததை நான் யோசிக்கவில்லை. யோசிக்க வேண்டியது கடைக்காரன், எழுத்தாளன் அல்ல.

அந்த ஞாயிறு பன்னிரண்டரை மணிக்கு என் கைபேசி ஒலிக்க ஆரம்பித்தது. ஒரு வாசகர். மறு நிமிடம் இன்னொருவர். ஒரு மணிக்குள் பதினாறு பேர். நூறு ரூபாய் நூலுக்கு ஒருவர் இருநூற்று நாற்பது அனுப்பியிருந்தார், இன்னொருவர் நானூற்று எண்பது அனுப்பியிருந்தார். இலக்கியத்தின் மீது பசி கொண்டவர்கள் விலை பார்ப்பதில்லை என்று நினைத்துக்கொண்டேன். சோற்றுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஒவ்வொருவருக்கும் நாவலையும் வாழ்த்தையும் அனுப்பிக்கொண்டே இருந்தேன். ரேணுகாவைக் கூப்பிட்டு, “பார்த்தியா, உன் அக்கா வீட்டுக்காரர் சொன்னாரே, ஒருத்தனக் காட்டுன்னு” என்றேன். மூன்று மணிக்குள் ஐம்பத்தெட்டு பேர்! உங்கள் பதிப்பகம் ஒரு கவிதைத் தொகுப்பை ஐம்பத்தெட்டு பேருக்கு விற்க எத்தனை புத்தகக் கண்காட்சி ஆகும் என்பதை நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள்.

பிறகு வாசகர் கருத்துகள் வரத் தொடங்கின. முதல் கருத்து, “ரெண்டு எக்ஸ்ட்ரா முட்ட சொன்னனே, வர்ல.” எதிர்க்கவிதை போலும் என்று நினைத்து, ஆழமாகப் படித்ததற்கு நன்றி என்று பதில் எழுதினேன். அடுத்தவர், “பார்சல்ல கத்திரிக்கா மிஸ்ஸிங்” என்றார். கிருஷ்ணகிரியிலிருந்து ஒருவர் நேரடியாகப் போன் செய்துவிட்டார்.

“இன்னா சார், பிரியாணிக்கு காசு குடுத்தா கத அனுப்பறீங்க?”

“கதை இல்லைங்க, நாவல்” என்று திருத்தினேன்.

“ரெண்டுல எது சார் சீக்கிரம் ஆறிடும்?” என்று கேட்டு வைத்துவிட்டார்.

அதற்குள் இஷ்தியாக் ஸ்கூட்டரில் வந்து வாசலில் நின்று கத்தினான். “இன்னாடா ஜலகண்டேசா, என் கடையில உன் கல்லாவா? காசு வந்தா கத்துற பொட்டி மத்தியானத்துலேர்ந்து ஒரு வாட்டி கூட கத்தல. கஸ்டமரு எல்லாம் போனை மூஞ்சிக்கு நேரா நீட்டி, ‘போய்டுச்சு பாய், போய்டுச்சு பாய்’ங்கிறான். நானும் மாஸ்டரும் நாலு பேரு கூட சண்ட போட்டோம். எங்க போச்சுன்னு பார்த்தா உன் வீட்டுக்குப் போயிருக்கு! நீ எழுது, வாணாங்கல. என் தம் போட்ட அண்டா மேல எழுதாத!” உள்ளேயிருந்து ரேணுகா, “அண்ணே, டீ சாப்டுட்டுப் போங்க. நாவலு ஜாஸ்தி வித்துச்சா, பிரியாணி ஜாஸ்தி வித்துச்சான்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க” என்றாள். பணத்தை அப்போதே இஷ்தியாக்கின் எண்ணுக்கு மாற்றிவிட்டேன், போஸ்டரையும் அவன் எதிரிலேயே கிழித்தேன். ஒரு வாரம் நான் பைபாஸ் பக்கமே போகவில்லை. உங்களுக்குச் செய்தி எட்டிவிடக் கூடாதே என்ற ஒன்றுதான் மனதில் இருந்தது. எட்டிவிட்டது என்று தெரியும். அக்கா போன் செய்து ரேணுகாவிடம் அரை மணி நேரம் சிரித்ததை நான் பக்கத்து அறையிலிருந்து கேட்டேன்.

ஆனால் சகலை, பணத்தைத் திருப்பிக் கொடுக்கலாம், அனுப்பிய நாவலை யாரிடமிருந்தும் திருப்பி வாங்க முடியாதல்லவா? ஐம்பத்தெட்டு கைபேசிகளுக்குள் என் நாவல் உட்கார்ந்திருந்தது. ஒரு மாதம் கழித்து, போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு போன் வந்தது. இரம் என்று பேர் சொன்னாள். இங்கே ஒரு ஷூ கம்பெனியில் தையல் லைனில் சூப்பர்வைசர். அன்று அந்தக் கடையில் மூன்று பிரியாணி வாங்கியிருக்கிறாள்.

“சார், பதினோராவது அத்தியாயத்துல, தோல தேய்க்கிற பஃபிங் மெஷின்ல அந்தப் பொண்ணு முந்தானை மாட்டிக்குதுன்னு எழுதியிருக்கீங்களே, எந்தக் கம்பெனில சார் முந்தானைய தொங்கவுட்டுட்டு மெஷின்கிட்ட நிக்க வுடறாங்க? மேல கோட்டு போடாம உள்ளயே சேர்க்க மாட்டாங்க. எங்க பஸ்ஸே சிரிச்சுது.”

எனக்குக் கோபம் தலைக்கேறியது. இருபத்தேழு வருடம் தோல் கம்பெனியில் இருப்பவனுக்கு இவள் பாடம் எடுப்பதா என்று வாய் திறந்தேன். அப்புறம்தான் உறைத்தது. பதினோராவது அத்தியாயம்! “அதுவரைக்கும் படிச்சியாம்மா?” என்றேன். “அதுவரைக்கும் இன்னா சார், முழுசா முடிச்சிட்டேன். கம்பெனி பஸ்ல போக வர நாப்பது நிமிஷம். தினம் நான் படிப்பேன், மத்தவங்க கேப்பாங்க. மொத நாளு ரெண்டு பேரு, இப்ப பஸ்ல பின் சீட்டு காலி, எல்லாம் முன்னாடி வந்து நிக்கிறாங்க. முடிவுதான் சார் சூப்பரு. அதுலேர்ந்து எல்லாரும் அதே பேச்சுதான்.”

எந்த இடம் பிடித்தது என்று நான் துருவிக் கேட்கவில்லை, அது எழுத்தாளனுக்கு அழகல்ல. எனக்கே தெரியும். கடைசி அத்தியாயம் இருபத்தெட்டுப் பக்கம். ஒரு முழு வருடம் அதற்கே போயிற்று. எல்லா முடிச்சையும் அங்கேதான் அவிழ்த்திருக்கிறேன். முந்தானையைக் கோட்டாக மாற்றி, ஒரு மணி நேரத்துக்குள், பழைய நால்வரையும் சேர்த்து அறுபத்திரண்டு பேருக்கும் திருத்திய பதிப்பை அனுப்பினேன். உங்கள் பதிப்பகத்தில் ஒரு பிழையைத் திருத்த இரண்டாம் பதிப்பு வர வேண்டும், இரண்டாம் பதிப்பு எப்போதும் வருவதில்லை. மறுநாள் அதே பஸ்ஸிலிருந்து ஒன்பது பேர் நூறு நூறாக அனுப்பி, சொந்தமாக ஆளுக்கொரு பிரதி வாங்கினார்கள். எவரும் முட்டை கேட்கவில்லை.

ஆகவே, நீங்கள் கேட்ட வாசகரைக் காட்டிவிட்டேன். ஒருவர் கேட்டீர்கள், நான் ஒரு பஸ்ஸையே காட்டுகிறேன். அச்சிடுகிறேன் என்று நீங்கள் கொடுத்த வாக்கை நான் பெருந்தன்மையோடு தள்ளுபடி செய்கிறேன், எனக்கு உங்கள் அச்சு தேவையில்லை. என் கைப்பிரதியை மட்டும் உடனடியாகப் பதிவுத் தபாலில் திருப்பி அனுப்பவும். அக்காவுக்கு என் நமஸ்காரம். பேரப்பிள்ளைகள் நீண்ட ஆயுளோடு நிறையப் படிக்கட்டும். உங்கள் பதிப்பகத்தின் மீது எனக்கு இப்போது அனுதாபத்தைத் தவிர வேறொன்றும் இல்லை.

இப்படிக்கு,
தன் நூலைத் தானே விற்கும்
ஜலகண்டேசன்

பி.கு.: திங்கட்கிழமை காலை, உறையை ஒட்டப் போகும்போது இரம் மறுபடி கூப்பிட்டாள். “சார், கடைசில கதவு தொறந்துச்சுன்னு எழுதிட்டு அதோட வுட்டீங்களே, உள்ள இருந்தது யாரு? பாதி பஸ்ஸு அண்ணங்குது, பாதி பஸ்ஸு மொதலாளிங்குது. டிரைவரு, செத்தவன்தான் திரும்பி வந்துட்டான்னு சத்தியம் பண்றாரு. எனக்கு மட்டும் சொல்லுங்க சார்.” கதவு திறப்பது முப்பத்துமூன்றாவது அத்தியாயத்தின் கடைசி வரி. நாவலுக்கு முப்பத்துநான்கு அத்தியாயம். அவளை லைனிலேயே வைத்துவிட்டுக் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தேன். எங்கள் கம்பெனியில் ஒவ்வொரு லாட் கப்பலேறும்போதும் கடைசித் தோலை மட்டும் அனுப்பாமல் முத்திரை குத்தி ஆபீஸிலேயே வைத்துக்கொள்வோம், சரக்கு சரியில்லை என்று வாங்கியவன் பின்னால் தகராறு செய்தால் எடுத்துக் காட்டுவதற்கு. இருபத்தேழு வருடம் பழகிய கை, அத்தியாயங்களைக் கோத்தபோதும் கடைசி ஒன்றை எடுத்து ‘ஆபீஸ் காப்பி’ என்று தனியாக வைத்திருக்கிறது. எல்லோருக்கும், இரண்டு முறையும், போனது முப்பத்துமூன்றுதான். கதவுக்குப் பின்னால் யார் என்று இருபத்தெட்டுப் பக்கம் எழுதியவன் நான். “எனக்கும் தெரியாதும்மா” என்று சொல்லிவிட்டேன். “அதானே! எழுதினவருக்கே தெரியாதுன்னு நான் சொன்னேன் சார், யாரும் நம்பல!” என்று அவள் கூவினாள், பின்னால் ஒரு பஸ்ஸே கைதட்டியது. ஆக, முழு நாவல் உலகத்தில் இரண்டே இடத்தில் இருக்கிறது, என் கம்ப்யூட்டரிலும் உங்கள் அலமாரியிலும். கைப்பிரதியை அனுப்ப வேண்டாம், தயவுசெய்து. இங்கே வந்தால் ரேணுகா பிரித்துவிடுவாள், மறுநாள் காலை பஸ்ஸுக்குச் சேதி போய்விடும். பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். அதற்கு முன் ஒன்றே ஒன்று சொல்லுங்கள் சகலை: கதவுக்குப் பின்னால் யார் என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியும் என்றால், கடைசிப் பக்கம் வரை படித்த அந்த ஒரே வாசகர் நீங்கள்தான், வாக்குப்படி அச்சிட வேண்டியவரும் நீங்கள்தான், முப்பத்துமூன்று அத்தியாயத்தோடு. தெரியாது என்றால், பஸ்ஸில் உங்களுக்கும் ஒரு இடம் போட்டு வைக்கச் சொல்கிறேன்.