ஒரே போனில் குடியிருந்த ரெண்டாளு

மூணாறில் ஜீப் ஓட்டுகிறவர்களை எண்ணி முடிக்க முடியாது. ஆனால் ஒரே ஆளாக ஏறி உட்கார்ந்து, இரண்டு ஆளாக ஜீப் ஓட்டியவர் உலகத்திலேயே ஒருவர்தான். தேயிலை எஸ்டேட்டின் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் அவருக்கு ‘ரெண்டாளு’ என்று பெயர். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று ரேஷன் கார்டில் இருக்கக்கூடும். நான் பார்த்ததில்லை.

அவரை இரண்டாக்கிய பாவம் என்னைச் சேரும். அந்த யோசனை தோன்றிய இடம் போடிமெட்டு, நாலாவது கொண்டை ஊசி வளைவு. போடிப் பக்கம் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்து முடித்து, பெட்டியும் மார்க் ஷீட்டுமாக அவர் ஜீப்பில்தான் மலை ஏறிக்கொண்டிருந்தேன். மனிதர் வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆரன் மட்டும் அவருக்குப் பதிலாக அழுதுகொண்டு வந்தது.

“என்ன மாமா, ஒடம்பு சரியில்லையா?”

“ஒடம்புக்கென்ன பாப்பா. வாய்தான் சரியில்ல.”

நடந்தது இது. எஸ்டேட்டுக்கு மேலே ஒரு ரிசார்ட் இருக்கிறது. அதன் டிரைவர் லிஸ்டில் மாமாவின் பெயர் உண்டு. அந்த லிஸ்டில் பெயர் இருக்கிறவரைதான் மகள் மதுரையில் நர்சிங் படிக்க முடியும். முந்தின நாள் விடிகாலையில், கூட்டாளி டிரைவரை எழுப்புவதாக நினைத்து மாமா ஒரு குரல் செய்தி அனுப்பியிருக்கிறார்: “ஏலே மூதேவி, எந்திரிச்சியா இல்லியா? குளிக்காட்டியும் பரவால்ல, சட்டையப் போட்டுட்டு வந்து ஏறுலே!” அது போய்ச் சேர்ந்தது கூட்டாளிக்கு அல்ல, ரிசார்ட்டில் தேனிலவுக்குத் தங்கியிருந்த ஒரு புது மாப்பிள்ளைக்கு. பாவம், அந்தப் பையன் குளிக்காமலே வந்து வாசலில் நின்றிருக்கிறான். மேனேஜர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: இன்னொரு தடவை இப்படி ஒரு புகார் வந்தால் லிஸ்டில் பெயர் கிடையாது.

எனக்குக் கை துறுதுறுத்தது. படித்த படிப்பை இறக்கி வைக்க இடம் தேடிக்கொண்டிருந்தவள் நான். “போனைக் குடுங்க மாமா” என்று வாங்கி செட்டிங்ஸுக்குள் இறங்கினேன். இருந்தது! ஒரே ஆப்பை இரட்டிப்பாக்கும் வசதி. ஒரு சுவிட்சைத் தட்டினால், அந்தப் பச்சை மெசேஜ் ஆப் அப்படியே இன்னொன்று முளைக்கும். போனில் ஏற்கெனவே இரண்டு சிம். ஒரு நம்பர் எஸ்டேட்டுக்கு, ஒரு நம்பர் ரிசார்ட்டுக்கு. தீர்ந்தது வழக்கு.

“ஒரே போன்ல ரெண்டு பேரா?” என்றார் மாமா, வண்டியை ஓரம் கட்டிவிட்டு.

“ரெண்டு கணக்கு மாமா. ஆள் ஒண்ணுதான்.”

இந்தக் கடைசி வாக்கியத்தை அவர் காதில் வாங்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

திரையில் இரண்டு பச்சைக் கட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கொடுத்தேன். இடது எஸ்டேட், வலது ரிசார்ட். ஒவ்வொன்றிலும் முதல் வரியில் ஒரு குழு: இடதில் எங்கள் லயத்து ஆட்கள், வலதில் ரிசார்ட்டில் அப்போதைக்குத் தங்கியிருக்கும் விருந்தாளிகள். மாமாவுக்குக் கிட்டத்தில் இருப்பது கொஞ்சம் மங்கல். எழுத்தெல்லாம் அவருக்கு எறும்பு; அனுப்புவதும் கேட்பதும் குரலில்தான். இடது, வலது, அவ்வளவுதான் கணக்கு.

ஒரு வாரத்தில் மனிதர் இரண்டாகிவிட்டார். இடது நம்பருக்குப் படம்: குல்லாவும் மப்ளரும் போட்டு, டீ கிளாஸோடு முறைக்கிற மாமா. வலது நம்பருக்கு: கல்யாண வீட்டில் இரவல் வாங்கிய கோட்டோடு, கன்னத்தில் கைவைத்த மாமா. இடது மாமா பேசுவது எங்கள் பேச்சு. வலது மாமா பேசுவது ரயில் நிலைய அறிவிப்பு.

ஒரு நாள் அவசரத்தில் நான் வலது நம்பருக்கு, “மாமா, டவுனுக்குப் போகணும், ஏத்திக்கிறீங்களா?” என்று அனுப்பிவிட்டேன். பதில் வந்தது: “வணக்கம். தங்கள் கோரிக்கை எஸ்டேட் பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது.” அடுத்த நிமிடம் இடது நம்பரிலிருந்து குரல்: “ஏ புள்ள, எவனோ கோட்டுப் போட்ட பய ஒன்னயக் கூட்டிட்டு வரச் சொல்லுதான். எங்கன நிக்க?”

விளையாட்டுக்குச் செய்கிறார் என்றுதான் நினைத்தேன். இல்லை. அவர் உண்மையாகவே ஒரு நம்பரிலிருந்து இன்னொரு நம்பருக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார்.

உச்சம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ரிசார்ட்டுக்காரர்கள் மறுநாள் சூரிய உதயம் பார்க்க வண்டி கேட்டார்கள். அதே நேரத்துக்கு எஸ்டேட்டில் ஒரு நிச்சயதார்த்தத்துக்கும் வண்டி பேசியாகியிருந்தது. வேறு டிரைவராக இருந்தால் தலையைச் சொறிந்துவிட்டு ஒன்றைத் தள்ளியிருப்பார். மாமா வலதிலிருந்து இடதுக்கு முறைப்படி விண்ணப்பம் போட்டார். ஆனால் டீக்கடைப் பக்கம் டவர் இல்லை. செய்தி போகவில்லை. என்ன செய்தார் தெரியுமா? ஜீப்பைக் கிளப்பி, டவர் கிடைக்கிற மேட்டுக்கு ஏறினார். அவர் மடியிலிருந்து அவர் மடிக்கே ஒரு செய்தி போய்ச் சேர மூன்று கிலோமீட்டர் மலை ஏறிய மனிதரை நான் கண்ணால் பார்த்தேன். நானும் அந்த ஜீப்பில் இருந்தேன். அன்றைக்கு டவுனுக்குப் போக வேண்டியவள், மலை உச்சியில் இரண்டு மாமாக்களின் பஞ்சாயத்துக்கு நடுவே உட்கார்ந்திருந்தேன்.

“என்னாச்சு மாமா?”

“அவன் முரட்டுப்பய பாப்பா. நிச்சயதார்த்தந்தான்னு ஒத்தக்கால்ல நிக்கான். நான் தன்மையாத்தான் கேட்டேன். ‘வாய மூடுலே’ன்னு போட்டிருக்கான் கேளு.”

ஓடவிட்டுக் கேட்டேன். போட்டுத்தான் இருந்தது.

அன்று ரிசார்ட்டுக்கு வேறு வண்டியை ஏற்பாடு செய்து கொடுத்தார். ஆனால் வலது மாமாவுக்குக் கோபம் தீரவில்லை. இடது மாமாவை பிளாக் செய்துவிட்டார். இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. எங்கள் அம்மா, “அண்ணே, ஒரே சட்டைப்பைக்குள்ள இருந்துக்கிட்டு என்ன சண்ட?” என்று சமாதானம் பேச, கடைசியில் நான்தான் பிளாக்கை எடுத்துவிட்டேன். லயத்துப் பெண்கள் ‘ரெண்டாளு’ என்று பெயர் வைத்தது அந்த வாரம்தான்.

சிரிப்பு ஒருபக்கம் இருக்கட்டும். ஏற்பாடு வேலை செய்தது. முக்கியமாக ஆனை விஷயத்தில்.

எங்கள் ஊரில் ஒரே செய்திக்கு இரண்டு அர்த்தம். எஸ்டேட் சாலையில் ‘மூணாம் வளைவில் ஆனை நிற்கிறது’ என்றால், தேயிலைக் கொழுந்து எடை போட்டுவிட்டு வீடு திரும்பும் எங்கள் அம்மாக்களுக்கு, ‘அந்தப் பக்கம் வராதே’ என்று பொருள். ரிசார்ட் விருந்தாளிகளுக்கு, ‘கேமராவை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடி வா’ என்று பொருள். அதனால் ஆனையைப் பார்த்ததும் மாமா இடதைத் திறந்து திட்டுவார், வலதைத் திறந்து வரவேற்பார். ஒருநாளும் பிசகியதில்லை.

நான் பிசக வைத்தேன்.

அதே ரிசார்ட்டில் முன்பதிவு கம்ப்யூட்டர் வேலைக்கு நான் விண்ணப்பம் போட்டிருந்தேன். மேனேஜர் பேசிப் பார்த்துவிட்டு, “சொல்லியனுப்புறேன்” என்றிருந்தார். அந்தக் குஷியில், சும்மா இருந்த மாமாவின் போனை வாங்கி, “புது அப்டேட் வந்திருக்கு மாமா” என்று போட்டுவிட்டேன். போட்டதும் இரட்டைக் கட்டம் திரையிலிருந்து மறைந்தது. தேடிப் பிடித்துப் பழைய இடத்தில் வைத்தேன். வைத்ததாக நினைத்தேன்.

மறுநாள் சாயந்திரம். பெரியவர் மூணாம் வளைவில் வந்து நின்றுவிட்டார். (ஆனையைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற மரியாதைக் குறைவு எங்களிடம் இல்லை.) மாமா தூரத்திலேயே ஜீப்பை நிறுத்தி, போனை எடுத்து, இடதை அழுத்தி, முதல் வரியைத் தொட்டு, மைக்கைப் பிடித்துக் கத்தியிருக்கிறார்:

“ஏலே! எவனும் வெளிய தல நீட்டக் கூடாது! பெரியவரு மூணாம் வளைவுல நிக்காரு. லைட்ட அமத்து, புள்ளைகளத் தூக்கி உள்ள போடு, கதவச் சாத்து. ரீல்சு எடுக்கேன்னு எவனாவது கெளம்புனா, அவரு மிதிக்கதுக்கு முன்னால நான் வந்து மிதிப்பேன்!”

பிறகு தொண்டையைச் செருமி, வலதை அழுத்தி: “மதிப்பிற்குரிய விருந்தினர்களே! மூன்றாம் வளைவில் ஓர் அரிய காட்சி. அனைவரும் கேமராவுடன் மேல்தளத்துக்கு அன்புடன் வருக!”

அம்மா அப்போது எடை போடும் இடத்தில் இருந்தாள். பத்துப் போனில் ஒரே நேரத்தில் இந்த ‘அன்புடன் வருக’ ஒலித்ததாம். “ரெண்டாளு அண்ணனுக்கு என்னமோ ஆயிட்டு!” என்று சிரித்தார்களே தவிர, ஒருத்தியும் குழம்பவில்லை. மூணாம் வளைவு என்ற வார்த்தை போதும். எல்லோரும் ஃபாக்டரி வழியாகச் சுற்றிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்கள். எங்கள் ஆட்களை ஆனையிடம் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தாலும் போக மாட்டார்கள்.

ஆனால் மேலே ரிசார்ட்டில்?

ஜீப் எங்கள் லயத்து வாசலில் வந்து நின்றது. அம்மா விஷயத்தைச் சொன்னதுமே மாமாவுக்கு விளங்கிவிட்டது. போனை என்னிடம் நீட்டினார்.

“பாப்பா, எடதுதான எஸ்டேட்டு?”

பார்த்தேன். இடது ரிசார்ட். வலது எஸ்டேட். நான் மாற்றி வைத்திருந்தேன்.

“மாமா… அது… நான்தான் நேத்து…”

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். அதற்கென்றே ஒரு ஆள் அவரிடம் இருந்தார். “மகளுக்கு அடுத்த பரீட்ச வருது” என்று மட்டும், ஸ்டியரிங்கிடம் சொல்வதுபோல் சொன்னார்.

மறுநாள் காலை மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். நானும் ஏறிக்கொண்டேன். உண்மையைச் சொல்லிவிடுவதென்று வழியெல்லாம் வாக்கியம் தயாரித்தேன். ரிசார்ட் வாசலில் மாமா கைப்பிரேக்கை இழுத்துவிட்டுச் சொன்னார்: “நீ வாயத் தொறக்கக் கூடாது. ஒனக்கு இங்கன வேல சொல்லியிருக்காகள்ல? வாயத் தொறந்தா ரெண்டு வேலயும் போவும். மூடிக்கிட்டு வா.”

மேனேஜர் மலையாளத்துக்காரர், மெதுவாகப் பேசுவார், அதுதான் பயம். தன் போனை மேசைமேல் வைத்து அந்தக் குரல் செய்தியை முழுசாக ஒலிக்கவிட்டார். ‘மிதிப்பேன்’ என்று முடிந்ததும் மாமாவை நிமிர்ந்து பார்த்தார்.

“இது பேசினது யாரு? நீங்கதானே?”

“இல்ல சார். அவன்.”

“எவன்?”

“எஸ்டேட்டு நம்பர்க்காரன் சார். கூறு கெட்ட பய. எடது வலது மாறி வந்து பேசிட்டான். நான் கண்டிச்சிட்டேன்.”

மேனேஜர் மாமாவின் போனைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். “இடது வலது எப்படி மாறிச்சு? இந்த செட்டிங் எல்லாம் உங்களுக்குத் தெரியாதே. யாரு மாத்தினது?”

மாமா என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

“அதுவும் அவன்தான் சார்.”

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு சொன்னார்: “நானும் எத்தனை மாசமா கெஸ்டுகள்கிட்ட கெஞ்சுறேன். ஆனை வந்தா லைட்டை அணைங்க, விசில் அடிக்காதீங்கன்னு. ஒருத்தர் கேட்டதில்ல. போன தடவை அது கோபத்துல கேட்டையே சாய்ச்சிட்டுப் போச்சு. நேத்து கேட் வரைக்கும் வந்துச்சு. உள்ள ஒரு வெளிச்சம் இல்ல, ஒரு சத்தம் இல்ல. நாலு செம்பருத்தியைத் தின்னுட்டுப் போயிருச்சு. காலையில காப்பி கொண்டுபோன ஆள்கிட்ட, கதவைத் தொறக்காமலே, ‘ஜீப்காரர் அனுமதி குடுத்துட்டாரா?’ன்னு கேக்குறாங்க.”

“புகாரு, சார்?”

“புகார் சொல்ல வெளிய வந்தாத்தானே! லிஸ்ட்ல பேர் இருக்கட்டும். ஆனா ஒண்ணு. இனி ஆனை வந்தா அந்த ஆளே பேசட்டும். நீங்க பேச வேண்டாம்.”

வெளியே வந்ததும் நான் குதித்தேன். மாமா முகம் தொங்கிப்போய் நின்றார். “ஏன் பாப்பா, நான் பேசுனா என்ன கொற? ‘மதிப்பிற்குரிய’ன்னுல்லாம் சொல்லுதேன்ல?”

வேலை கிடைத்து, ரிசார்ட்டின் இந்த முன்பதிவு மேசையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அந்த ரெண்டு பேரில் ஒருத்தர்கூட இன்றுவரை என் பெயரைச் சொல்லவில்லை.

இப்போது எனக்கு இன்னொரு யோசனை. ஆனை வந்தால் இடதும் வேண்டாம், வலதும் வேண்டாம். ஒரே அழுத்தில் இரண்டு குழுவுக்கும் அந்தத் திட்டு போய்ச் சேரும்படி செய்ய முடியுமா என்று பார்க்கப் போகிறேன். முறைப்படி இரண்டு நம்பரிலும் அனுமதி கேட்டேன். எஸ்டேட் நம்பர் உடனே சொன்னது: “ஞாயித்துக்கெழம வாறேன் புள்ள, போனப் புடி.” ரிசார்ட் நம்பர் ஒருமணி நேரம் கழித்துச் சொன்னது: “தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது. சென்ற முறை இடம் மாற்றியது யார் என்பதை எஸ்டேட் நம்பர்க்காரன் எங்களிடம் இன்னும் சொல்லவில்லை.”

இருவருக்கும் தனித்தனியாக நன்றி அனுப்பினேன். மலைப்பாதையில் எங்கோ, ஒரே சட்டைப்பைக்குள், ஒரே நெஞ்சுக்குப் பக்கத்தில், அந்தப் போன் இரண்டு தடவை அதிர்ந்திருக்கும்.