கசிந்த குளிருக்கு யார் பொறுப்பு

முதலில் வம்புக்கு வந்தவன் மச்சினன்தான். இதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் பின்னால் ஊரே டிரைவரைத்தான் திட்டியது, இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறது. திட்டுகிறவர்களில் ஒருத்தர்கூட அன்றைக்கு அந்தக் கல்யாண மண்டப வாசலில் இல்லை.

டிரைவர் காலமெல்லாம் லாரி ஓட்டிவிட்டு ஓய்ந்தவர். ஓய்ந்த பிறகும் தெருவில் அவருக்கு அதுதான் பெயர். அவரிடம் ஒரு பழைய கார் இருந்தது. காரில் ஏசியும் இருந்தது. ஏசிக்குப் பொத்தான் இருந்தது, பொத்தானில் பனிப்பூ படம் இருந்தது, அமுக்கினால் சத்தமும் வந்தது. குளிர் மட்டும் வராது.

சொந்தத்தில் ஒரு கல்யாணம் முடிந்து எல்லோரும் வாசலில் கூடி நிற்கும்போது, மச்சினன் தன் புது வண்டியின் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னான்:

"அக்கா, அத்தான் வண்டியில போனா உன்னை இறக்கினதும் பிழிஞ்சு கொடியில போடணும். பேசாம என்கூட வா."

எல்லோரும் சிரித்தார்கள். சொந்தக்காரர்கள் சிரித்ததை டிரைவர் மன்னித்திருப்பார். மன்னித்திருக்க மாட்டார், ஆனால் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திப்போட்டிருப்பார். மனைவியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே தம்பியின் வண்டியில் ஏறிப் போனாள். டிரைவர் பக்கத்து சீட்டில் தாம்பூலப் பையை வைத்துக்கொண்டு தனியாக வீடு வந்தார்.

"கண்ணாடியை இறக்கிவிட்டா காத்து பிச்சுக்கிட்டு வருமே" என்றார் அன்று மாலை.

"வரும். கூடவே தெருப்புழுதியும் வரும். தலை முழுக்கப் பறக்கும். உங்களுக்கென்ன, பறக்கிறதுக்கு அங்க ஒண்ணுமில்ல."

அதற்குப் பிறகு மனைவி எங்கே போனாலும் தம்பி வண்டிதான். அந்த வண்டியில் ஏசியைப் போடப் பொத்தான்கூடக் கிடையாது. "குளிரட்டும்" என்று வாயால் சொன்னால் போதும், அது குளிரும். பெற்ற பிள்ளைகளே சொன்ன பேச்சைக் கேட்காத காலத்தில் இப்படி ஒரு வண்டி வந்ததும் ஊர் மயங்கிவிட்டது. குளிர்வது கௌரவம் ஆயிற்று. வெயில் மண்டையைப் பிளக்கும்போது காரிலிருந்து இறங்குகிறவர்கள் உள்ளங்கையைத் தேய்த்து வாயால் ஊதிக்கொண்டே இறங்கினார்கள். பெண்கள் ஸ்வெட்டர் வாங்கினார்கள். கார் இல்லாதவர்களும் வாங்கினார்கள். கார் இருக்கிறது என்று நாலு பேர் நினைக்கட்டுமே என்று கடைத்தெருவில் வியர்க்க வியர்க்கப் போட்டுக்கொண்டு நடந்தார்கள். டிரைவரின் மனைவியும் ஒன்று வாங்கினாள். நீல நிறம். தம்பி வண்டியில் போகும்போது மட்டும் போடுவது. அது வீட்டில் நாற்காலி முதுகில் தொங்கும். டிரைவர் சாப்பிட உட்காரும்போதெல்லாம் அதுவும் எதிரே உட்கார்ந்திருக்கும்.

பொறுத்துப் பார்த்துவிட்டு, டிரைவர் உதிரிபாகக் கடைக்குப் போய் ஏசி கேஸ் டின் ஒன்றும், முள் காட்டுகிற மீட்டர் வைத்த குழாய் ஒன்றும் வாங்கினார்.

"வீட்டு வாசல்லயே போட்டுக்கலாம்" என்றார் கடைக்காரர். "எஞ்சினை ஓட விட்டு, ஏசியை முழுசா வெச்சு, தடிச்ச பைப்புல இருக்கிற வாயில மாட்டணும். முள் பச்சைக்கு வந்ததும் நிறுத்திடுங்க. அதுக்கு மேல ஆசைப்படாதீங்க. ஒரு டீ குடிக்கிற நேரம், அவ்வளவுதான்."

ஊரில் எல்லோரும் அப்படித்தான் போட்டுக்கொண்டார்கள். டிரைவரும் போட்டிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். ஆனால் வீட்டுக்கு நடந்து வரும்போது அவருக்கு ஒரு யோசனை வந்தது. கேஸ் போட்டு, வண்டி குளிர்ந்து, மச்சினனைக் கூப்பிட்டு உட்கார வைத்து, அவன் "எனக்கு ஒண்ணும் குளிரலையே அத்தான்" என்று சொல்லிவிட்டால்? சொல்லக்கூடியவன்தான். ஆகவே வண்டி குளிர்கிறது என்பதற்கு முத்திரை குத்திய சான்றிதழ் வேண்டும். அதைக் கண்ணாடி போட்டு மாட்டி, மச்சினனை அதன் கீழே உட்கார வைத்து, "என் பேச்சு தப்பு அத்தான், வண்டி குளிருது" என்று அவன் வாயால் சொல்ல வைக்க வேண்டும். அப்போது நாற்காலி முதுகில் தொங்கும் ஸ்வெட்டர் தானாக அவர் வண்டிக்கு இடம் மாறும்.

டின்னைத் திருப்பிப் பார்த்தார். அடியில், எறும்பு படிக்கிற எழுத்தில், "உரிய அலுவலகத்தின் அனுமதி பெற்றுப் பயன்படுத்தவும்" என்று இருந்தது. அதை அச்சடித்தவர்களே படித்திருக்க மாட்டார்கள். டிரைவர் படித்தார்.

வாகனக் குளிர்வாயு ஒழுங்குமுறை அலுவலகம் ஒரு பழைய கட்டடத்தின் மொட்டைமாடி அறையில் இருந்தது. உள்ளே ஓர் அதிகாரியும் ஓர் எழுத்தரும் கோப்புகளால் விசிறிக்கொண்டிருந்தார்கள். சுவரில் பெரிய ஏசி ஒன்று இருந்தது. அதன்மேல் எழுத்தரின் துண்டு காய்ந்தது.

"என் கார் ஏசிக்கு வீட்டுலயே கேஸ் போட அனுமதி வேணுங்க" என்றார் டிரைவர். "போட்டப்புறம், குளிருதுன்னு ஒரு சான்றிதழும் வேணும்."

அதிகாரி எழுத்தரிடம் மெல்லக் கேட்டார். "நாம அப்படியெல்லாம் கொடுக்கிறோமா?"

"அதுக்குத்தான் சார் இந்த ஆபீஸே."

அதிகாரி சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் அவர் காத்திருந்த மனுதாரர் வந்துவிட்டார்.

"பழைய கேஸ் எங்கே?"

"கசிஞ்சு போச்சுங்க."

"யாரைக் கேட்டுக் கசிஞ்சுது?"

"அது யாரையும் கேக்கலைங்க."

"எழுதிக்குங்க, அனுமதியற்ற கசிவு. எப்போ போச்சு?"

"கொஞ்சம் கொஞ்சமாப் போச்சுங்க."

"போகும்போது நீங்க என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க?"

"வண்டி ஓட்டிக்கிட்டிருந்தேன்."

"அப்போ ஊர் பூராவும் கசிய விட்டிருக்கீங்க." அதிகாரி வருத்தத்துடன் தலையை ஆட்டினார். "பாருங்க பெரியவரே, பழசை ஒப்படைச்சாத்தான் புதுசுக்கு அனுமதி. இல்லேன்னா ஆளாளுக்கு ரெண்டு ரெண்டு வெச்சுக்குவாங்க."

டிரைவருக்கு இது நியாயமாகவே பட்டது. காரியம் ஆக வேண்டியவனுக்கு எதுவும் நியாயமாகப் படும். மறுநாள் பானட்டைத் திறந்து வைத்து, பெரிய பிளாஸ்டிக் பை ஒன்றை விரித்து அங்கே இருந்த காற்றைப் பிடித்து, வாயை நூலால் இறுக்கிக் கட்டி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனார். பக்கத்தில் உட்கார வந்தவர்களை, "பாத்துங்க, உள்ள கேஸ் இருக்கு" என்று எச்சரித்தார்.

அதிகாரி பையை அமுக்கிப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எழுத்தரிடம் கொடுத்தார். அவர் முகர்ந்துவிட்டு எழுதினார்: 'வாயு. நிறமற்றது. மணமற்றது. மனுதாரருடையது.' பை இரும்பு அலமாரிக்குள் போயிற்று. பூட்டுக்கு அரக்கு முத்திரை வைத்தார்கள். மேற்படி வாயு இனி எக்காரணம் கொண்டும் வெளியேற இயலாது என்று டிரைவருக்கு உறுதியளிக்கப்பட்டது.

ஆய்வுக்காக இருவரும் வீட்டுக்கே வந்தார்கள். அதிகாரி குடை பிடித்து நிற்க, டிரைவர் எஞ்சினை ஓட விட்டார். தடித்த பைப்பின் மூடியைக் கழற்றினார். மூடியில் ரப்பர் வாஷரே இல்லை. ஊர் பூராவும் கசிந்த குளிர் இந்த வழியாகத்தான் போயிருக்க வேண்டும். குழாயை மாட்டினார். டின்னை நிமிர்த்திப் பிடித்துக் குலுக்கினார். முள் மெல்ல ஏறிப் பச்சைக்குள் வந்து நின்றது. கம்ப்ரஸர் டக்கென்று பிடித்தது. உள்ளே கையை நீட்டினார். குளிர்ந்தது! மனைவியைக் கூப்பிட வாயெடுத்தார்.

"இருங்க, ஆய்வு முடியல" என்று அதிகாரி முந்திக்கொண்டு முன்சீட்டில், மனைவி உட்கார வேண்டிய இடத்தில், உட்கார்ந்து கதவைச் சாத்தினார். கண்ணை மூடினார். வெகுநேரம் அசையவில்லை. எழுத்தர் பயந்துபோய்க் கண்ணாடியைத் தட்டினார். கண்ணாடி ஒரு விரல் அகலம் இறங்கியது.

"நீங்களும் உள்ள வாங்க. கதவைச் சீக்கிரம் சாத்துங்க."

"சான்றிதழ்?" என்றார் டிரைவர் அந்த இடுக்கு வழியாக.

"குளிருது. அதை நான் மறுக்கல. ஆனா இது நிலையான குளிரா, தற்காலிகக் குளிரான்னு பாக்கணும். தற்காலிகமாக் குளிர்ற வண்டிக்கு நிரந்தரமா சான்றிதழ் கொடுத்தா என் தலைதான் உருளும்."

"எவ்வளவு நாள் பாப்பீங்க?"

"குளிர் நிக்கிற வரைக்கும்."

"நின்னப்புறம்?"

"நின்னப்புறம் எப்படிங்க சான்றிதழ் கொடுக்க முடியும்?"

டிரைவர் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "ஏன் சார், உங்க ஆபீஸ்லயும் ஒரு ஏசி இருக்கே. அதுக்குக் கேஸ் போட்டுக்கலாமே?"

"அனுமதி வேணுமே."

"யார் கொடுக்கணும்?"

"நாங்கதான் கொடுக்கணும். நமக்கு நாமே கொடுத்துக்கிட்டா ஊழல்னு சொல்ல மாட்டாங்களா?" என்றார் அதிகாரி. அந்த நேர்மையைப் பார்த்து டிரைவரின் கை தானாகக் கும்பிட்டது.

மறுநாள் காருக்குள் கோப்புகள் வந்தன. அதற்கடுத்து முத்திரை, மைப்பெட்டி, தண்ணீர்ப் பானை. அலுவலகத்தின் பெயர்ப் பலகையைக் காரின் கண்ணாடியில் மாட்டினார்கள். எஞ்சினை ஓட விட்டுப் பெட்ரோல் ஊற்றுவது மனுதாரரின் கடமை என்று ஒரு விதி இருந்தது. அலுவலகம் காருக்குள் வந்த அன்று காலையில் எழுதப்பட்ட விதி அது. பெயிண்ட் இன்னும் ஈரமாக இருந்த இன்னொரு பலகை சொன்னது: 'அலுவலர் தவிர மற்றவர் உள்ளே வரக்கூடாது.'

அலுவலகம் இருப்பது தெரிந்ததும் ஊருக்குக் கெட்ட காலம் பிறந்தது. அனுமதி இல்லாமல் டின் விற்கக் கூடாது என்று கடைக்காரருக்கு உத்தரவு போயிற்று. காற்றுப் பைகளைக் கையில் பிடித்துக்கொண்டு ஜனங்கள் டிரைவர் வீட்டு வாசலில் வரிசையில் நின்றார்கள். சிலர் வெயிலில் ஸ்வெட்டரோடு நின்றார்கள். எல்லோரும் டிரைவரைப் பார்த்துப் பல்லைக் கடித்தார்கள்.

"சும்மா இருந்த சங்கை எடுத்து ஊதிட்டானே மனுஷன்!"

டிரைவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர் வரிசையின் வாலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் வாலில் மச்சினன் நின்றான். கையில் பை. சட்டைக் காலர் வியர்வையில் நனைந்து தொங்கியது.

"என்னப்பா, உன் வண்டிதான் சொன்ன பேச்சு கேக்குமே?"

"கேக்குது அத்தான். 'குளிரட்டும்'னா 'ஆகட்டும்'னுதான் சொல்லுது. வர்றதென்னவோ அனல்தான். கேஸ் இறங்கிப் போச்சாம்." அவன் குரலைத் தாழ்த்தினான். "உங்க வண்டிக்குள்ளதானே உக்காந்திருக்காங்க, ஒரு வார்த்தை சொல்லுங்களேன்."

"முதல்ல நீ ஒரு வார்த்தை சொல்லு. என் வண்டி குளிருதுன்னு சொல்லு."

மச்சினன் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தான். எழுத்தர் கோப்பைப் போர்த்திக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தார்.

"உள்ள உக்காந்து பாக்காம எப்படி அத்தான் சொல்றது? பொய் சொன்ன மாதிரி ஆயிடாதா?"

டிரைவர் கண்ணாடியைத் தட்டினார். "சார், இவனை ஒரே ஒரு நிமிஷம் உள்ள விடுங்க."

அதிகாரி பலகையைச் சுட்டிக்காட்டினார்.

அந்த நேரம் வீட்டுக்குள்ளிருந்து மனைவி வந்தாள். கையில் நீல ஸ்வெட்டர். டிரைவர் வழிவிட்டு ஒதுங்கினார். அவள் நேராகக் காரை நோக்கித்தான் வந்தாள். கதவருகில் நின்றாள். கண்ணாடி இடுக்கு வழியாக ஸ்வெட்டரை உள்ளே நீட்டினாள்.

"போட்டுக்குங்க சார். பாவம், பல்லெல்லாம் கிடுகிடுங்குது."

எழுத்தருக்கு அது அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது.

"நான் கடைக்குப் போயிட்டு வர்றேங்க" என்று கணவனிடம் சொல்லிவிட்டு அவள் தம்பியின் வண்டியில் ஏறினாள். அவன் கண்ணாடிகளை எல்லாம் இறக்கிவிட்டான். வண்டி கிளம்பும்போது அவள் குரல் தெரு முழுக்கக் கேட்டது: "அடடா, காத்து எப்படிப் பிச்சுக்கிட்டு வருது பாருடா! இது தெரியாம எதுக்கு இந்த ஏசி?" தலைமுடி பறந்தது. அவள் ஒதுக்கிக்கொள்ளக்கூட இல்லை.

மச்சினன் சொல்ல வேண்டிய அந்த ஒரு வார்த்தை இன்றுவரை பாக்கி. அன்றைக்கு அவன் திரும்பி வந்ததும் உள்ளே உட்கார வைத்து அதைக் கேட்டு வாங்குவதற்காக, டிரைவர் காரின் கதவைத் திறந்து பிடித்தபடி, வண்டி போன திசையைப் பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளேயிருந்து அதிகாரி அவர் கையைத் தட்டினார்.

"பெரியவரே, கதவைச் சாத்துங்க. குளிர் வெளிய போகுது. போன குளிருக்கு அப்புறம் நீங்கதான் பதில் சொல்லணும்."