இறப்புக்கான காரணம்: வயிற்று வலி

எங்கள் குடும்பத்தில் இதுவரை யாருக்கும் புற்றுநோய் வந்ததில்லை. திருவாடானைப் பக்கம் எங்கள் ஊரிலேயே வந்ததில்லை. என் அம்மாவும் பெரியம்மாவும் வயிற்று வலியால் காலமானார்கள். அந்த வயிற்று வலி மார்பில் கட்டியாக ஆரம்பித்தது என்பது வேறு விஷயம்.

பெண் கொடுக்க, எடுக்க இருக்கிற வீட்டில் அந்த வியாதியின் பேரை உச்சரிக்கக் கூடாது. அம்மா இறந்தபோது தங்கச்சி முருகலட்சுமிக்கு மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தோம். தொண்டி ஐஸ் கம்பெனியில் ராத்திரி வேலை பார்க்கிற நான், பகலில் தூக்கம் வராமல் கண்டதையும் படித்து, ஊருக்கே மனு எழுதுகிற அறிஞனாக உயர்ந்திருந்தேன். பெரியம்மாவுக்கு எழுதியதைப் போலவே அம்மாவின் இறப்புப் பாரத்தையும் நானே நிரப்பினேன். முத்து முத்தான எழுத்து. கல்யாணம் ஜோராக நடந்தது.

இப்போது முருகலட்சுமிக்கு முப்பத்தெட்டு வயது. அம்மாவுக்குக் கட்டி வந்தது முப்பத்தொன்பதில். இந்த வியாதி சில குடும்பங்களில் ரத்த வழியாக இறங்குமாம். தாய்வழியில் இரண்டு பேர் அதில் இறந்திருந்தால், மகளுக்கு இலவசமாக மரபணுச் சோதனை செய்யும் ஆய்வுத் திட்டம் ராமநாதபுரத்துக்கு வந்திருந்தது. அண்ணனுக்குரிய கடமையுணர்வோடு அவளை அழைத்துப் போனேன்.

திட்ட அலுவலர் காளீஸ்வரன் இரண்டு பேரின் இறப்புப் பதிவேட்டு நகலையும் பார்த்தார்.

"இதுல வயித்து வலின்னுல்ல போட்டிருக்கு?"

"அது பொய் சார். புத்துநோய்தான்."

"பொய்ய எழுதுனது யாரு?"

"நான்தான் சார்."

"பொய் சொல்ற ஆளு இப்ப சொல்றத எப்படி நம்புறது?"

"பொய் சொன்னேன்னு நானே ஒத்துக்கிறேனே சார்."

"அதைச் சொல்றதும் அதே ஆளுதானே?"

நியாயத்தில் ஓட்டை இல்லை. எனக்கே அவர் மேல் மதிப்பு வந்துவிட்டது.

"ஊர்ல அஞ்சு பேரு கையெழுத்துப் போட்டுத் தரட்டும், பாக்கலாம்" என்றார். "இல்லாட்டி அடுத்த மாசம் குடல் நோய் முகாம் இருக்கு. உங்க குடும்பத்துக்கு முன்னுரிமை கொடுக்கலாம்."

அம்மாவின் பாடையைத் தூக்கிய முத்துகிருஷ்ணன் மாமாவிடம் போனேன்.

"என்ன வியாதின்னு ஊருக்கே தெரியும் மாப்ள. அதுக்காகக் காயிதத்துல எழுதுறதா? நாளைக்கு என் வீட்டுச் சாவையும் தோண்டுவான். எனக்கு ரெண்டு பொட்டப்பிள்ளைக இருக்கு."

மற்ற நால்வரும் இதையே இன்னும் மரியாதையாகச் சொன்னார்கள்.

வெறுங்கையோடு மறுபடி ராமநாதபுரம் போனோம். காளீஸ்வரன் கோப்பை மூடினார். முருகலட்சுமி என்னைப் பார்க்காமல், பக்கத்தில் சாதாரண மார்பகப் பரிசோதனை வரிசையில் போய் நின்றாள். அங்கே யாரும் செத்தவர்களுக்கு அத்தாட்சி கேட்கவில்லை. திரும்பி வந்தபோது கையில் ஸ்கேனுக்கான மஞ்சள் சீட்டு.

"சின்னதா ஒண்ணு தட்டுப்படுதாம். செவ்வாக்கெழமை ஸ்கேனுக்கு வரச் சொல்லியிருக்காக."

பஸ் ஸ்டாண்டில் எதிரே முத்துகிருஷ்ணன் மாமா, மனைவியோடு.

"என்ன மாப்ள, தங்கச்சியோட இங்கன?"

ஒரு மாதமாக அந்த ஒரு வார்த்தைக்குச் சாட்சி தேடி அலைந்தவன் நான். வாயைத் திறந்தேன்.

"வயித்து வலி மாமா."

மாமா பெரிதாகத் தலையாட்டினார். "அதான், இவளுக்கும் ரெண்டு நாளா வயித்து வலி."

அத்தை சட்டென்று முந்தானையால் கையை மூடிக்கொண்டாள். மூடுவதற்குள் அதே மஞ்சள் சீட்டு தெரிந்துவிட்டது.

பஸ் தேவிபட்டினத்தைத் தாண்டியது. முருகலட்சுமி ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னாள்:

"அண்ணே, எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா அந்தப் பாரத்த மட்டும் நீ எழுதாத. எனக்கும் ஒரு மக இருக்கா."