பாட்டுக்குப் பின்னால் ஒரு பீரோ

மதிப்பிற்குரிய அத்தானுக்கு,

உங்கள் மைத்துனன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான், அக்கா, பீரோ மூவரும் சௌக்கியம். அங்கே நீங்களும் நீங்கள் மெய்ப்புப் பார்க்கப் போயிருக்கும் அகராதியும் சௌக்கியம் என்று நம்புகிறேன். 'வ' வரிசைக்கு வந்துவிட்டீர்கள் என்று அக்கா சொன்னாள். மகிழ்ச்சி. கொஞ்சம் பயமும்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். சொல்லப் பார்த்தேன். போன வாரம் கூப்பிட்டு "அத்தான், ஒரு விசயம்" என்றேன். "விஷயம். இல்லாட்டி விடயம். நடுவுல ஒண்ணு கிடையாது" என்றீர்கள். வைத்துவிட்டேன். ஆகவே கடிதம். பிழைகளை அப்புறம் திருத்திக்கொள்ளுங்கள். முதலில் படியுங்கள்.

இசைப் பத்திரிகையின் ஆசிரியருக்கு நீங்கள் அனுப்பிய கடிதத்தின் நகல் என் முன்னால் இருக்கிறது. ஆசிரியர் எங்கள் ராக் குழுவுக்கு வேண்டியவர். "இவர் உங்க அத்தானாமே. வெள்ளிக்கிழமை இதழ்ல போடப் போறேன். எழுதினவரே வேண்டாம்னு சொன்னாத்தான் நிறுத்த முடியும்" என்று சொல்லிக் கொடுத்தார். அதனால்தான் இந்த அவசரம். வெள்ளிக்கு முன்னால் அவருக்கு நீங்கள் ஒரு வரி எழுத வேண்டும். 'என் கடிதத்தை வெளியிட வேண்டாம்.' நான்கே சொல். பிழை வர வாய்ப்பில்லை.

நீங்கள் கேட்டிருப்பது மூன்று திருத்தம், உங்கள் வார்த்தைகளிலேயே தருகிறேன். ஒன்று: 'வலி விடு' என்று ஊரெல்லாம் பாடப்படும் கீதத்தில் லகரம் தவறு, அங்கே ழகரம் வர வேண்டும், சொன்னவன் நான், சொன்னது 'வழி', சம்பவத்தின்போது எனது இடது கன்னம் பீரோவில் அழுந்தியிருந்தபடியால் நா மடங்க இடமில்லாமல் போயிற்று. இரண்டு: முன்பின் அறியாத ஒருவரை 'விடு' என்று ஒருமையில் விளிப்பது என் வழக்கமன்று; 'விடுங்கள்' என்பதே சரி; மூச்சு முட்டியதால் விகுதி விடுபட்டது. மூன்று: நான் அழவில்லை.

எல்லாம் உண்மை. யார் இல்லை என்றார்கள்? நானும் அங்கேதான் நின்றேன். ஆனால் நீங்கள் பீரோவின் மேல் முனையில் இருந்தீர்கள். கீழிருந்து பார்த்தபோது அது எப்படி இருந்தது என்று உங்களுக்குச் சொல்ல யாருமில்லை.

பத்து மாதம் முன்பு. மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. அக்கா உங்களைவிட்டுப் போவதென்று முடிவு செய்து, காரணங்களை ஒரு பக்கக் கடிதமாக எழுதிச் சாப்பாட்டு மேசைமேல் வைத்திருந்தாள். நீங்கள் படித்தீர்கள். சிவப்பு மையால் பதினோரு இடத்தில் திருத்தினீர்கள். அடியில் 'கருத்துப் பிழை ஏதுமில்லை' என்று எழுதி, இருந்த இடத்திலேயே வைத்தீர்கள். அந்தக் கடிதத்தைப் பிற்பாடு நானும் பார்த்தேன். பதினொன்றும் சரி. அதுதான் கஷ்டமாக இருந்தது.

அக்கா எனக்குப் போன் செய்து "வண்டியை எடுத்துட்டு வாடா" என்றாள். எங்களிடம் ஸ்பீக்கர் ஏற்றும் வேன் உண்டு, அவளிடம் தன்னுடையது என்று சொல்ல அந்த இரும்பு பீரோ உண்டு, அவள் போய் வேனில் உட்கார்ந்துகொண்டாள், எங்கள் பாடகனும் டிரம்மரும் (தகரம் என்று கூப்பிடுவோம், அவன் வாசித்துக் கேட்டவர்கள் ஏன் என்று கேட்பதில்லை) கீழ் முனையைப் பிடித்தார்கள், "தூக்குறதுக்கும் ஒரு முறை இருக்கு" என்று சொல்லி நீங்களே வந்து மேல் முனையைப் பிடித்தீர்கள், தன்னைவிட்டுப் போகிற மனைவியின் பீரோவை ஒரு மனுஷன் தானே சுமந்து இறக்குவது எனக்கு என்னவோ போல் இருந்தது, என் கையில் இழுப்பறை இருந்தது, இரண்டாவது மாடித் திருப்பத்தில் பீரோ சிக்கிக்கொண்டது, இந்தப் பக்கம் கைப்பிடி, அந்தப் பக்கம் சுவர், சுவருக்கும் பீரோவுக்கும் நடுவில் நீங்கள், அந்த நேரம் பார்த்துக் கீழேயிருந்து தண்ணீர்க் கேன்காரர் தோளுக்கு ஒரு கேனாக ஏறி வந்து "சார், கொஞ்சம் ஒதுங்குங்க" என்றார், ஒதுங்க இடமிருந்தால் நாங்கள் ஏன் அங்கே நிற்கிறோம், தகரம் "அண்ணே, நீங்க இறங்கிடுங்களேன்" என்றான், "ஏறிட்டவனை இறங்குன்னா எப்படி, இறங்குற நீங்க ஏறுங்க" என்றார் அவர், அது ஒரு நியாயம்தானே என்று தகரம் யோசிக்க ஆரம்பித்துவிட்டான், அப்போதுதான் உங்கள் குரல் வந்தது.

வலி விடு.

பீரோவின் கதவு திறந்து இரண்டு முறை சுவரில் அடித்தது. டம், டம்.

வலி விடு. டம், டம்.

கேன்காரர் புரிந்துகொண்டு நான்கு படி இறங்கினார். அவருக்குக் கேட்டது வழி. எனக்கும் வழி. பாடகன் கண்ணை மூடிக்கொண்டான். பளு தாங்கவில்லை போல என்று நினைத்தேன். மெட்டுப் போட்டுக்கொண்டிருந்தான்.

அவனைக் குற்றம் சொல்ல முடியாது. ராக் கீதங்கள் பிறந்த கதைகளைப் படித்தே வளர்ந்தவன். பழைய பெரிய பாட்டு எதை எடுத்தாலும் பின்னால் யாரோ செத்திருக்க வேண்டும், யாரோ விட்டுப் போயிருக்க வேண்டும், குறைந்தபட்சம் ஒருவனாவது மலைமேல் மூன்று நாள் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது அவன் சித்தாந்தம். பத்தாயிரம் பேர் கைதூக்கிப் பாட இரண்டு சொல் போதும், அந்த இரண்டு சொல்லுக்குப் பின்னால் ஒரு காயம் வேண்டும் என்பான். எங்களிடம் இரண்டு சொல் இருந்தது. பின்னால் பீரோ இருந்தது.

பாட்டு எங்கெல்லாம் போனது என்று உங்களுக்குத் தெரியாது. நீங்கள் பாட்டுக் கேட்பதில்லை, அச்சில் வந்தால்தான் பார்ப்பீர்கள். ஒரு முதுகுவலி மருத்துவமனையில் தினமும் காலையில் இதைப் போட்டு நோயாளிகளை முழங்கால் தூக்கச் சொல்கிறார்கள். 'டம்'முக்கு ஒரு முழங்கால். ஒரு பள்ளிக்கூடத்து உடற்பயிற்சி ஆசிரியர் இதை 'வளி விடு' என்று கேட்டு, மூச்சுப் பயிற்சி என்று எடுத்துக்கொண்டு ஆண்டு விழாவில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் பாட வைத்தார். பிள்ளைகள் வேறு அர்த்தத்தில் எடுத்துக்கொண்டார்கள். விழா பாதியில் நின்றது. அகராதியில் அந்தச் சொல்லையும் தாண்டித்தான் வந்திருப்பீர்கள், நான் விளக்கத் தேவையில்லை.

உங்கள் திருத்தத்தையும் மேசையில் வைத்து வாசித்துப் பார்த்தோம் அத்தான். பொய் சொல்லவில்லை. 'வழி விடுங்கள்' என்று பாடினால் 'ங்கள்' நிற்க இடமில்லை. "ஒரு டம்மை எடுத்துட்டா நிக்கும்" என்றான் பாடகன். "அப்ப என்னையும் எடுத்துடு" என்றான் தகரம். இரண்டு நாளாக அவர்கள் பேசிக்கொள்வதில்லை. அது போகட்டும். பத்தாயிரம் பேர் ஒரே குரலில் வழி விடுங்கள் என்றால் பத்தாயிரம் பேரும் மரியாதையாக ஒதுங்குவார்கள். எங்கே ஒதுங்குவார்கள்?

ஆனால் நான் எழுதுவது பாட்டுக்காக இல்லை. பாட்டு எப்படியாவது பிழைத்துக்கொள்ளும்.

அந்தப் பத்திரிகையில் 'பாட்டுக்குப் பின்னால்' என்று ஒரு பகுதி. பழைய ராக் கீதங்களின் கதையை வாராவாரம் போடுவார்கள். இரண்டு மாதம் முன்பு எங்கள் பாட்டையும் அந்த வரிசையில் உட்கார வைத்தார்கள். நீங்கள் இப்போதுதான், அச்சகத்தில் யாரோ போட்டுவிட்டுப் போன பழைய இதழில் பார்த்திருக்கிறீர்கள். அந்தக் கதையில் ஒரு மாடிப்படி. பிரிந்து போகும் மனைவி. சுவரில் முகம் புதைத்து அழும் கணவன். வலியே, என்னை விடு என்று அவன் அரற்றுகிறான். பாடகன் கேட்கிறான். அவ்வளவுதான். பீரோ இல்லை. கேன்காரர் இல்லை. இழுப்பறையோடு நான் இல்லை.

இதழ் வந்த மூன்றாம் நாள், தோழி வீட்டிலிருந்த அக்கா எனக்குப் போன் செய்தாள். அதே குரல், அதே வாக்கியம். வண்டியை எடுத்துட்டு வாடா. போனேன். பீரோவை ஏற்றினோம். என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கைப்பையில் அந்த இதழ் துருத்திக்கொண்டிருந்தது. சிக்னலில் நின்றோம்.

"அன்னிக்கு நீ அங்கதானே நின்ன?"

"ஆமாம்."

"அழுதாரா?"

கியர் மாற்றினேன். மாற்ற வேண்டிய இடமில்லை அது.

"ஆமாம்" என்றேன்.

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இந்தத் தடவை கதவுகளைக் கழற்றிவிட்டுத் தூக்கினோம், பீரோ எங்கும் சிக்கவில்லை. நீங்கள் வந்து திறந்தீர்கள். அவளைப் பார்த்தீர்கள். பீரோவைப் பார்த்தீர்கள். "பழைய இடத்துலயே வைங்க" என்றீர்கள். ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. பெருந்தன்மை என்று அப்போது நினைத்தேன். கேட்டிருந்தால் இன்றைக்கு இந்தக் கடிதம் தேவைப்பட்டிருக்காது. அவள் ஒரு லகரத்தை நம்பி வந்திருக்கிறாள், அத்தான். ஒரு லகரத்தையும் என்னுடைய ஒரு ஆமாமையும்.

வெள்ளிக்கிழமை அந்த லகரம் போய்விடும். அவள் அந்த இதழை ஒரு வாரம்கூட விடாமல் வாங்குகிறாள். கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிப்பாள், வாசகர் கடிதம் அங்கேதான் வரும். படித்து முடித்ததும் எனக்குப் போன் வரும். மூன்றாவது முறை அந்த மாடிப்படியில் நிற்க என்னால் முடியாது. என் முதுகுக்காகச் சொல்லவில்லை. இந்த முறையும் நீங்களே வந்து மேல் முனையைப் பிடிப்பீர்கள்.

உங்களால் பிழையைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியாது என்று தெரியும். தொழில் அது. ஒரே ஒரு பிழையை மட்டும் விட்டுவிடுங்கள். அது உங்கள் வீட்டில் குடியிருக்கிறது.

உங்கள் கண்களுக்கு ஓய்வும் அகராதிக்கு ஒரு முடிவும் சீக்கிரம் கிட்டட்டும். பாடகன் தன் காதின் சார்பாக மன்னிப்புக் கேட்கிறான். தகரம் வணக்கம் சொன்னான். இங்கே பக்கத்து வீடுவரை கேட்டது.

என்றும் உங்கள்
மைத்துனன்

பி.கு.: உங்கள் முகவரி கேட்டு அக்காவிடம் போனேன். கவரை ஒட்டிவிட்டுப் போயிருக்க வேண்டும். ஒட்டவில்லை. நின்றபடியே முழுவதும் படித்துவிட்டாள். ஆசிரியருக்கு நீங்கள் எழுதியதையும் வாங்கிப் படித்தாள். பிறகு அவள் சொன்னதைச் சொன்னபடி எழுதுகிறேன்.

"வழின்னுதான் சொன்னார். எனக்குத் தெரியாதா? வேன்ல உக்காந்திருந்த எனக்கே கேட்டுச்சு. ஒன்பது வருஷமா கேக்குற குரல்."

"அப்ப பத்திரிகைல வந்த கதை?"

"உங்க வீட்டு சமாச்சாரம், சொல்லலாமாக்கான்னு உன் பாடகன் எனக்குப் போன் பண்ணினான். பீரோவை எடுத்துடு, அழுதார்னு போடுன்னேன். அவர் வான்னு கூப்பிடமாட்டார். நான் வரட்டுமான்னு கேக்கமாட்டேன். நடுவுல யாராவது ஒரு பொய் சொல்லித்தானே ஆகணும்?"

"பின்ன எதுக்கு வேன்ல என்கிட்ட அப்படிக் கேட்ட?"

"நீ என்ன சொல்றேன்னு பாக்கத்தான். ஆமான்னுட்ட. இட்டுக்கட்டினதே நான்தான். ஆனா நீ அப்படிச் சொன்னதும் ஒரு நிமிஷம், ஒருவேளை நெசந்தானோன்னு..."

உங்கள் கடிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்தாள்.

ஆகவே அத்தான், மேலே நான் எழுதிய எதுவும் தேவையில்லை. ஆசிரியருக்கு நீங்கள் எழுதியது தாராளமாக அச்சில் வரலாமாம். உங்களிடம் அவள் சொல்லச் சொன்னது இது மட்டும்.

"எழுத்தை மாத்திக்கட்டும். விகுதியும் சேத்துக்கட்டும். மூணாவதை மட்டும் எடுத்துடச் சொல்லு. அழுததாவே இருக்கட்டும்."