கூரையில் விழுந்த வழுக்கை

"இது எத்தனை நாளா இப்படி இருக்கு?" கான்ஸ்டபிள் யோரிஸ் கூரையைக் காட்டிக் கேட்டார்.

வீப்ரென் அண்ணாந்து பார்த்தார். மெப்பல் நகரின் அந்தத் தெருவில் தோளோடு தோள் உரசி நின்ற பன்னிரண்டு வீடுகளில், பதினொன்றின் தலையில் ஒரு சாண் பனி. அவர் வீட்டுக்கு மட்டும் நடு உச்சியில் வழுக்கை.

"பனி உருகுதுன்னா பரண்ல சூடு. பரண்ல சூடுன்னா விளக்கு போட்டுக் கஞ்சா வளக்கறாங்க. நான் சொல்லலண்ணே, ஆபீஸ்ல சொல்றாங்க."

"யோவ், நான் சந்தையில சீஸ் விக்கிறவன்."

"கஞ்சா வளக்கறவங்களும் சீஸ் விக்கறேன்னுதாண்ணே சொல்வாங்க."

"இப்பவே ஏறிப் பாரு. காலியா கிடக்கு."

"காலியா இருந்தா, நேத்துதான் காலி பண்ணினீங்கம்பாங்க. கூரை வெள்ளையாகணும். வெள்ளிக்கிழமை வரேன். ஆகலேன்னா எழுதித்தான் தீரணும்."

எழுதினால் மனைவி யான்டினேயின் குழந்தைக் காப்பக உரிமம் போய்விடும். ஊரார் குழந்தைகள் நாலு பேரை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்பவள் அவள். கஞ்சா வீடு என்று பெயர் விழுந்த இடத்தில் யார் பிள்ளையை விடுவார்கள்?

குற்றவாளி யார் என்பதில் வீப்ரெனுக்குச் சந்தேகமே இல்லை. மாடி நடைக்கு மேலே, பரணுக்கு ஏறும் சதுர ஓட்டை. அதன் பலகைக் கதவு சட்டத்தில் சரியாக உட்காராது. வீட்டுச் சூடெல்லாம் அந்த இடுக்கு வழியாகத்தான் ஓடுகிறது.

அடுத்த வீட்டு டினெக்கே அம்மாள் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்து ஓய்வு பெற்றவர். தெருவிலேயே ரொம்ப வெள்ளையான கூரை அவருடையது. விஷயம் கேள்விப்பட்டு வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"அடைக்காதீங்க தம்பி. வீடுன்னா கொஞ்சம் மூச்சு விடணும்."

"உங்க கூரை மட்டும் எப்படிம்மா இப்படி?"

"ஓட்டுக்கு அடியில முழுக்கப் பஞ்சு அடைச்சிருக்கேன். ஒரு பொட்டுச் சூடு மேல போகாது."

தான் வாங்கிவிட்டு அடுத்தவனிடம் சரக்கு மட்டம் என்று சொல்பவர்களை வீப்ரென் சந்தையில் நிறையப் பார்த்தவர். நேராகப் போய் ரப்பர் பட்டை வாங்கி வந்தார்.

செவ்வாயன்று கதவைச் சுற்றிப் பட்டை ஒட்டினார். புதன் காலை வழுக்கை இரண்டு மடங்கு. படுக்கையறையோ முன்பைவிடக் குளிர்ந்து கிடந்தது.

கதவின் முதுகில் தெர்மகோல் ஒட்டினார். கதவு மூட மறுத்தது. முட்டித் தள்ளிக் கொக்கி போட்டதில் சட்டம் விரிந்து, புதிதாக ஓர் இடுக்கு. கசிவைப் பிடிக்க மெழுகுவர்த்தியை அங்கே நீட்டினார். சுடர் கீழ்நோக்கிச் சாய்ந்தது.

"யான்டினே, இங்க வாயேன். காத்து மேலேருந்து கீழ வருது. அதுவும் சூடா."

"சூடு மேலதான் போகும்னு பள்ளிக்கூடத்துல சொன்னாங்களே."

"நம்ம வீட்ல எதுதான் சொன்னபடி நடக்குது?"

பரணுக்குள் ஏறினார். இரண்டு பழைய சைக்கிள் டயர்கள். டினெக்கே அம்மாளின் பரணைப் பிரிக்கும், காரை உதிர்ந்த ஒற்றைச் செங்கல் சுவர். வேறொன்றும் இல்லை. ஆனால் ஸ்வெட்டரைக் கழற்ற வேண்டியிருந்தது.

"பாத்தியா, கீழ நாம நடுங்கறோம். சூடு இங்க தனிக்குடித்தனம் பண்ணுது."

வியாழனன்று சந்தைக்குப் போகவில்லை. கதவின் மேல் கண்ணாடிப் பஞ்சு திணித்த பெட்டியைக் கவிழ்த்தார். இடுக்கைச் சுற்றி, கேக்குக்குக் க்ரீம் வைப்பதுபோல சிலிக்கானைப் பிழிந்தார். இனி எறும்பின் மூச்சுகூடப் போகாது.

வெள்ளி காலை கூரையில் மருந்துக்கும் பனி இல்லை. ஓடுகள் எண்ணெய் தேய்த்துக் குளித்தாற்போல் மின்னின. கீழே நாலு குழந்தைகளும் குல்லாய் போட்டுக்கொண்டு சாக்லேட் தூவின ரொட்டி தின்றன.

யோரிஸ் வந்தார். சிலிக்கானை அறுத்துக் கதவைத் திறக்கவே அரை மணி நேரம். ஏறியவரின் குரல் மட்டும் இறங்கி வந்தது.

"அண்ணே, கோட்டைக் கழட்டிக்கலாமா?"

"ஒண்ணுமில்லேல்ல?"

"ஒண்ணுமில்ல. அதான் சந்தேகமா இருக்கு. ஒண்ணுமில்லாத இடத்துல இவ்வளவு சூடு எப்படிண்ணே? மன்னிச்சுக்குங்க, எழுதித்தான் ஆகணும்."

யான்டினே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். மேலே பேனா கீறும் சத்தம்.

அப்போது பின்கதவைத் தள்ளிக்கொண்டு டினெக்கே அம்மாள் வந்தார், முகமெல்லாம் வியர்வை. காது மந்தம், அதனால் எதையும் தெருவுக்கே கேட்கும்படிதான் சொல்வார்.

"தம்பி, புண்ணியமா போகும், அந்தப் பரண் கதவ மறுபடி திறந்து விடுங்க, நீங்க அடைச்சதிலேருந்து சூடு போக வழியில்லாம என் பரண்ல செடியெல்லாம் வெந்து போகுது."