மூச்சுப்பிடியாரும் பச்சை வெளிச்சப் பெட்டியும்

ஐம்பதுகளில் சிங்கப்பூரில் இருமிய தமிழர் ஒருவர்கூட மூச்சுப்பிடியாரிடமிருந்து தப்பியதில்லை. அரசாங்க மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவர் அவர். காசநோய் பயம் ஊரையே ஆட்டிய காலம் அது. வேலையில் சேர வேண்டுமா, நெஞ்சுப் படம். ஆசிரியர் பயிற்சிக்குப் போக வேண்டுமா, நெஞ்சுப் படம். இரண்டு நாள் தொடர்ந்து தும்மினாலும் பக்கத்து வீட்டுக்காரர் கையைப் பிடித்து அங்கே இழுத்துப் போய்விடுவார். உள்ளே போனால் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்கும். "மூச்சை இழு. பிடி. பிடி. விடு." மலாய்க்காரர் வந்தால் "தாரேக் நாபாஸ், தாஹான்." சீனர் வந்தால் ஹொக்கியென் மொழியில் ஏதோ சொல்வார். என்ன சொன்னாரோ, எல்லோரும் ஒழுங்காக மூச்சைப் பிடித்தார்கள்.

அவருக்கு அம்மா அப்பா வைத்த பெயர் என்று ஒன்று இருந்திருக்க வேண்டும். சிராங்கூன் சாலையில் யாரும் அதைத் தேடவில்லை. பிள்ளையார் மாதிரி மரியாதையாக மூச்சுப்பிடியார் என்றே அழைத்தோம். அவருக்கும் எங்கள் முகங்கள் நினைவில் நிற்காது. காய்கறிச் சந்தையில் ஒருமுறை என்னை மறித்து, உற்றுப் பார்த்து, "உனக்கு இடப்பக்கம் ஒரு விலா எலும்பு லேசா வளைஞ்சிருக்குமே, நீதானே?" என்றார். நான்தான் என்றேன். "சின்ன வயசுல விழுந்திருப்ப. பரவால்ல, நல்ல நெஞ்சு," என்று தோளில் தட்டிவிட்டு முருங்கைக்காய் வாங்கப் போனார். சுற்றி நின்ற பெண்கள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

ஒரு கல்யாண வீட்டில் குடும்பப் படம் எடுக்க எல்லோரையும் வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். புகைப்படக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார். பந்தலின் ஓரத்தில் பாயசம் குடித்துக்கொண்டிருந்த நம்மவருக்குப் பழக்க தோஷம். "மூச்சை இழு, பிடி," என்றார். இரு வீட்டாரும், பாதிரியைப் பார்த்த பள்ளிப் பிள்ளைகள் மாதிரி, பிடித்தார்கள். அந்த நேரம் பார்த்து யாரோ இவரைச் சாப்பிடக் கூப்பிட, "விடு" என்று சொல்ல மறந்து பந்திக்குப் போய்விட்டார். இன்றும் அந்தப் படம் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் தொங்குகிறது. மாப்பிள்ளை வீடு, பெண் வீடு என்று வித்தியாசமில்லாமல் அத்தனை பேரும் மல்யுத்தத்துக்குத் தயாராக நிற்கிறார்கள். பெண்ணின் அப்பா முகம் மட்டும் கொஞ்சம் கறுத்திருக்கும்.

அவருடைய வலது கையில் சுட்டுவிரல் கிடையாது. எப்படிப் போனது என்று கேட்டால் ஆளுக்கு ஒரு கதை. என்னிடம் முதலை என்றார். என் அண்ணனிடம் ஜப்பான்காரன் என்றார். கோப்பிக்கடைக்காரரிடம், மாமியார் வீட்டுத் தேங்காய்த் துருவி என்று சொல்லியிருக்கிறார். எல்லாக் கதையையும் ஒரே முகத்தோடு சொல்வார். அதனால் எல்லாவற்றையும் நம்பினோம்.

அப்போது நான் நார்த் பிரிட்ஜ் சாலையில் ஒரு சப்பாத்துக் கடையில், அதாவது காலணிக் கடையில், விற்பனையாளன். முதலாளி நாகூர்ப் பக்கத்து மரைக்காயர், அமைதியானவர். குழந்தைகளுக்கான சப்பாத்துப் பகுதியை ரோஸ்லின் பார்த்துக்கொண்டாள். அவள் கணவர் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் வேலை செய்தார். தலைப்பிள்ளை வயிற்றில் இருந்தது. எங்கள் கடையின் பெருமை ஒரு மரப்பெட்டி. முதலாளி சீமையிலிருந்து கப்பலில் வரவழைத்தது. ஆளின் இடுப்பளவு உயரம். கீழே ஒரு பொந்து, மேலே எட்டிப் பார்க்க மூன்று துளைகள். புதுச் சப்பாத்துப் போட்ட காலைப் பொந்துக்குள் விட்டு, பொத்தானை அமுக்கினால் பச்சை வெளிச்சத்தில் சப்பாத்துக்குள் இருக்கும் கால் எலும்பு தெரியும். குழந்தை ஒரு துளையில், அம்மா ஒரு துளையில், விற்பனையாளர் ஒரு துளையில். விரல் நெருக்குகிறதா, இடமிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.

சனிக்கிழமைகளில் கூட்டம் வாசல் நடைபாதையான அஞ்சடியைத் தாண்டித் தெருவில் நிற்கும். சப்பாத்து வாங்காத குழந்தைகளும் எலும்பு பார்க்க வந்தன. பார்த்துவிட்டு மறுபடி வரிசையின் கடைசியில் போய் நின்றன. கால் நெளிக்கிற பிள்ளைகளுக்காக ரோஸ்லின் தன் கையையே பொந்துக்குள் விட்டுச் சப்பாத்தை அமுக்கிப் பிடித்துக்கொள்வாள். அவளுடைய எலும்பும் பச்சையாகத் தெரியும். குழந்தைகள் கைதட்டுவார்கள்.

ஒரு சனிக்கிழமை மூச்சுப்பிடியார் கறுப்புச் சப்பாத்து வாங்க வந்தார். பெட்டியைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"தம்பி, அது என்ன?"

"எக்ஸ்ரே அண்ணே. உங்க வேலைதான், ஆனா காலுக்கு."

"எவ்வளவு நேரம் லைட்டு எரியும்?"

"பொத்தானை அமுக்கிக்கிட்டு இருக்கிற வரைக்கும் எரியும்லா."

"பின்பக்கம் என்ன வச்சு அடைச்சிருக்கு?"

பலகை என்றேன். அவர் சப்பாத்து வாங்காமலே போய்விட்டார்.

அடுத்த சனிக்கிழமை தோளில் ஒரு மூட்டையோடு திரும்பி வந்தார். மருத்துவமனையில் கழித்துவிட்ட பழைய ஈய அங்கி, ஓரமெல்லாம் கிழிந்தது. யாரையும் கேட்காமல் அதை ரோஸ்லினுக்குக் கழுத்திலிருந்து முழங்கால் வரை மாட்டி, பின்னால் முடிச்சும் போட்டுவிட்டார். அரிசி மூட்டையைக் கட்டிக்கொண்டதுபோல அவள் தள்ளாடினாள். ஒரு சீனக் குழந்தை அவளைப் பார்த்து அழத் தொடங்கியது. கல்லாவிலிருந்து முதலாளி எழுந்து வந்தார்.

"என்னங்க இது, சப்பாத்துக் கடையா, கசாப்புக் கடையா?"

"இது இல்லாம இந்தப் பொண்ணு அதுகிட்ட நிக்கக் கூடாதுங்க."

"கம்பெனிக்காரன் ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லித்தானே வித்தான்."

"அவன் வித்துக் கப்பல்ல ஏத்திவிட்டுட்டான். நிக்கிறது இவதானே."

முதலாளி அங்கியைக் கழற்றச் சொன்னார். மூச்சுப்பிடியார் அதைத் தூக்கிப் பெட்டியின் மேலேயே போர்த்தி, வேட்டி மாதிரி இடுப்பில் சுற்றிக் கட்டினார். அதையும் முதலாளி அவிழ்க்கச் சொன்னார். அங்கியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு மூச்சுப்பிடியார் பின்கட்டுப் பக்கம் நடந்தார். அங்கே சப்பாத்துக்கு அடித்தோல் ஒட்டுகிறவர், பசை சீக்கிரம் காய வேண்டும் என்று ஜன்னலைச் சாத்திக்கொண்டு வேலை செய்வார். பசை வாடையில் நமக்குத் தலை சுற்றும். இவர் ஜன்னல் கதவைத் திறக்கவில்லை. கீலோடு கழற்றித் தரையில் வைத்துவிட்டார். வரும் வழியில் என் வாயிலிருந்த சிகரெட்டையும் பிடுங்கி எறிந்தார்.

"அண்ணே, எக்ஸ்ரேவுக்கும் சிகரெட்டுக்கும் என்ன சம்பந்தம்?"

"எல்லாம் ஒரே எடத்துலதான் கை வைக்குது."

அவர் இப்படி எல்லாவற்றோடும் சண்டை போடுவதால்தான் ஊர் அவரைக் கிறுக்கர் என்றது. இருட்டில் ஒளிர ரேடியம் பூசிய முள் வைத்த கைக்கடிகாரம் கட்டியவர் பக்கத்தில்கூட உட்கார மாட்டார்.

அன்று சாப்பாட்டு நேரத்தில் ரோஸ்லினும் நானும் பக்கத்துக் கோப்பிக்கடையில் இருந்தோம். அவர் வந்து எதிரே உட்கார்ந்தார். வழக்கமான அதட்டல் இல்லை. ரோஸ்லினின் கையைக் காட்டச் சொன்னார். விரல் நுனியில் தோல் காய்ந்து சிவந்திருந்தது. சோப்புத்தூள் என்று அவள் நினைத்திருந்தாள். அவர் தன் வலது கையை அதன் பக்கத்தில் வைத்தார். அந்தக் கையை அவ்வளவு நெருக்கத்தில் அன்றுதான் பார்த்தேன். நகமெல்லாம் வரிவரியாக, தோல் வறண்ட வயல் மாதிரி வெடித்திருந்தது.

"இது முதலை இல்ல தங்கச்சி," என்றார். "எங்க காலத்துல தினம் காலையில மெஷின் ஒழுங்கா இருக்கான்னு பாக்க எங்க கையத்தான் நீட்டுவோம். எலும்பு தெளிவா தெரிஞ்சா, சரி, மொத ஆள வரச்சொல்லுன்னு சொல்லுவோம். சும்மா வெளையாட்டு மாதிரி. வருஷக்கணக்கா அப்படித்தான். மொதல்ல தோல் செவந்துச்சு. அப்புறம் வெடிச்சுது. அப்புறம் ஒரு புண்ணு, மிளகு அளவுதான். ஆறவே இல்ல. புத்துநோய்னு சொல்லி டாக்டர் விரல எடுத்துட்டார்."

"ரொம்ப வலிச்சுதா அண்ணே?"

"லைட்டு படும்போது ஒண்ணுமே தெரியாதும்மா. சூடு கெடையாது, வாடை கெடையாது. சுட்டிருந்தா அன்னைக்கே கைய எடுத்திருப்பேன்ல."

ரோஸ்லின் தன் கையை மடியில் வைத்துக்கொண்டாள். அவர் எங்கள் தொழிலிலிருந்தே எடுத்துச் சொன்னார். "சப்பாத்து செய்யறதுக்குக் கட்டையில ஒரு அச்சு இருக்கில்ல? அந்த அச்சுல கீறல் விழுந்தா அதுல செய்யற அத்தனை சப்பாத்துலயும் கீறல் வரும். நம்ம ஒடம்புல ஒவ்வொரு துளிக்குள்ளயும் அப்படி ஒரு அச்சு இருக்காம். எங்க பெரிய டாக்டர் சொன்னாரு. இந்த லைட்டு அதைக் கீறும். பொகையும் கீறும், சில மருந்து, பசை எல்லாமும் கீறும். ஒடம்பே முக்காவாசியச் சரி பண்ணிடும். மிச்சம் எப்ப, எங்க வெளிய வரும்னு யாருக்கும் தெரியாது. நம்ம ஒடம்பு அச்சு போட்டு முடிச்ச ஒடம்பு. உன் வயித்துல இருக்கிறது இப்பத்தானே போட்டுக்கிட்டு இருக்கு."

அவர் சொன்ன அச்சுக்குப் பெயர் டிஎன்ஏ என்று நான் படித்துத் தெரிந்துகொண்டது வெகுகாலம் கழித்து. சில வைரஸ்கள்கூட அதற்குள் புகுந்து அச்சை மாற்றிவிடும் என்பதையும் அப்போதுதான் படித்தேன். அன்று எங்களுக்கு அந்தக் கை போதுமாக இருந்தது.

திங்கட்கிழமை ரோஸ்லின் முதலாளியிடம் போய், பெட்டிப் பக்கம் இனி நிற்க மாட்டேன் என்றாள். அவர் கோபப்படவில்லை. ஆனால் பெட்டி ஓடாமல் குழந்தைப் பகுதி ஓடாது, வேறு ஆள் போட வேண்டியிருக்கும், பிரசவத்துக்குப் பிறகு பார்க்கலாம் என்றார். வேலை போய்விட்டது என்றுதான் அதற்குப் பொருள் என்று பக்கத்தில் நின்ற என்னோடு சேர்த்து மூன்று பேருக்கும் தெரியும். அவள் கணவருக்குத் துறைமுகத்தில் நிரந்தர வேலை இல்லை. புக்கிட் மேராவில் வாடகை அறையில் மாமனார் மாமியாரும் கூட இருந்தார்கள்.

மூச்சுப்பிடியாரிடம் போய்ச் சொன்னேன். பெரிய டாக்டரிடம் பேசியதாகவும், அவர் மேலே எழுதிப்போடுவதாகச் சொல்லியிருப்பதாகவும் சொன்னார். "மேல இருந்து பதில் வர்றதுக்குள்ள புள்ள பொறந்து பள்ளிக்கூடம் போயிரும்," என்று சொல்லிவிட்டுச் சட்டைப்பையிலிருந்து சில சிறிய பொட்டலங்களை எடுத்தார். பல் டாக்டர்கள் வாய்க்குள் வைத்துப் படம் எடுக்கிற ஃபிலிம், வெளிச்சம் புகாமல் கறுப்புத் தாள் சுற்றியது. ஒவ்வொன்றின் மேலும் ஒரு ஊக்கை ஒட்டியிருந்தார். கதிர் பட்டால் ஃபிலிம் கறுக்கும், ஊக்கு மறைத்த இடம் மட்டும் வெள்ளையாக நிற்கும்.

முதலாளியிடம் நேராகவே அனுமதி கேட்டார். "ஒரு சனிக்கிழமை மட்டும் இத அங்கங்க ஒட்டிக்கிறேன். ஒண்ணும் தெரியலன்னா இந்தக் கடைப்பக்கமே வர மாட்டேன்." அந்த வாக்குறுதிக்காகவே முதலாளி உடனே சம்மதித்தார் என்பது என் கருத்து.

மறுவாரம் ஃபிலிம்களைக் கழுவி எடுத்து வந்து கல்லா மேசையில் பரப்பினார். வாசற்பக்கம் ஒட்டியது வெளுப்பாகவே இருந்தது. ரோஸ்லின் வழக்கமாக நின்ற இடத்தில் ஒட்டியது கரி மாதிரி கறுத்து, நடுவில் ஊக்கு தெள்ளத்தெளிவாக வெள்ளையாக இருந்தது. முதலாளி அதைப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். இன்னொன்றை எடுத்தார். அதுவும் நல்ல கறுப்பு.

"இதுவும் அந்தப் பொண்ணு எடந்தானா?"

"இல்லீங்க. உங்க நாற்காலி முதுகு. பொட்டியோட பின்பலகை கல்லாவப் பாத்துத்தானே இருக்கு."

முதலாளி அந்த ஊக்கின் வெள்ளைப் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நெஞ்சு ஏறியது, இறங்கவில்லை. மூச்சுப்பிடியார் மெதுவாக அவர் முழங்கையைத் தொட்டார்.

"விடுங்க," என்றார்.

முதலாளி விட்டார். பிறகு தானே குனிந்து பெட்டியின் ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கினார்.

அதோடு கதை முடிந்திருந்தால் கடை நொடித்திருக்கும். சனிக்கிழமை எலும்பு பார்க்க வந்த குழந்தைகள் பெட்டி ஓடவில்லை என்றதும் கூச்சல் போட்டன. மூச்சுப்பிடியார் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தார். பழுப்புத் தாளை விரித்து, ஒரு பிள்ளையின் காலை அதன்மேல் வைத்து, சுற்றிக் கோடு போட்டார். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் விட்டு, "சப்பாத்து இதுவரைக்கும் இருக்கணும். பாக்கி இடம் நீ வளர்றதுக்கு," என்றார். பிறகு அந்தக் கோட்டுக்குள் ஒவ்வொரு எலும்பாக வரைந்தார். குதிகால் எலும்பு, கணுக்கால் எலும்பு, குட்டிக் குட்டி விரல் எலும்பு. விரல் இல்லாத கையால், பென்சிலைப் பெருவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் பிடித்துக்கொண்டு வரைந்தார். பிள்ளை அந்தத் தாளைச் சுருட்டி வீட்டுக்கு எடுத்துப் போனது. பெட்டி காட்டிய எலும்பை யாரும் வீட்டுக்குக் கொண்டுபோக முடியவில்லை அல்லவா? அடுத்த வாரம் வரிசை மறுபடி தெருவுக்கு வந்துவிட்டது. வேலை போகாமல் தப்பிய ரோஸ்லின் வரையக் கற்றுக்கொண்டாள். நானும் கற்றுக்கொண்டேன், ஆனால் நான் வரைந்தால் விரலெல்லாம் வெண்டைக்காய் மாதிரி இருக்கும் என்று பிள்ளைகள் என்னிடம் வர மாட்டார்கள்.

ரோஸ்லினுக்குப் பெண் குழந்தை பிறந்தது, நல்ல ஆரோக்கியமாக. பெட்டி ஓடியிருந்தாலும் அப்படியே பிறந்திருக்கலாம். மூச்சுப்பிடியாரே அப்படித்தான் சொன்னார். "எனக்கு என்ன தெரியும்? தெரியாத விஷயத்துக்கு எதுக்குப் புள்ளையக் குடுக்கணும்னுதான் பாத்தேன்." ரோஸ்லினிடம் மட்டும் யாரும் இந்த வாதத்தைப் பேசிவிட முடியாது. ஆண்டுதோறும் கிறிஸ்மஸ் பலகாரம் முதலில் அவர் வீட்டுக்குத்தான் போகும்.

அறுபதுகளின் நடுவில் அவருடைய கையில் மறுபடி ஒரு புண் வந்தது. இந்த முறை விரலோடு நிற்கவில்லை. மணிக்கட்டுக்கு மேல் எடுத்தார்கள். அக்குளிலும் கட்டி இருந்தது. இளவயதில் நீட்டிய கைக்கு அத்தனை வருஷம் கழித்து வந்த பதில் அது. தான் வேலை பார்த்த மருத்துவமனையிலேயே படுத்திருந்தார். தன்னைப் படமெடுக்க வந்த இளைஞன் ஒழுங்காகத் தடுப்புக்குப் பின்னால் நிற்கிறானா என்று தலையைத் தூக்கிப் பார்த்து, நிற்காவிட்டால் திட்டினார்.

வேலை முடிந்து சாயங்காலங்களில் நான் போவேன். பார்க்க வருகிறவர்கள் எல்லாம் அவருக்கு ஆரஞ்சுப் பழம்தான் கொண்டுவந்து குவித்திருந்தார்கள். ஒற்றைக் கையால் உரிக்க வராது. நான் உரித்துத் தருவேன். அவர் அதை மடியில் வைத்து இரண்டாகப் பிட்டு, எப்போதும் பெரிய பாதியை எனக்கு நீட்டுவார். "சாப்பிடு தம்பி, ஒடம்புக்கு நல்லது," என்பார். சில வாரங்கள்தான் அப்படிப் போனேன். எனக்கு ஆரஞ்சு பிடிக்காது என்பதை அவரிடம் கடைசி வரை சொல்லவில்லை.