பெற்ற எலிக்குப் பாசி சூப்

அன்புத் தங்கை மால்-சுன்னே, எப்படி இருக்கிறாய்? முழங்கால் வலி விட்டதா? கிம்ச்சி ஊறுகாய் போட்டாயிற்றா? இங்கே இந்த வருஷ மிளகாய்த்தூளில் காரமே இல்லை. கடைக்காரனோடு சண்டை போட்டேன், அது வேறு கதை.

உன் மகள் சே-ரினுக்கு இரண்டு தடவை கரு கலைந்ததென்று எழுதி, நான் எலிகளுக்குத் தீனி போடும் ஆய்வுக்கூடத்திலிருந்து அந்தக் கருத்தங்கும் ஹார்மோன் மாத்திரையில் ஒரு பட்டை எடுத்து அனுப்பச் சொல்கிறாய். முடியாது. நீ அழுதாலும் முடியாது. சினை எலிகளில் பாதிக்கு மருந்து, பாதிக்கு வெறும் தண்ணீர் கொடுத்து, குட்டிகள் எப்படி வளர்கின்றன என்று பார்க்கிறோம். அது முடியும்வரை அதை மருந்தென்றே சொல்லமாட்டேன்.

அந்தச் சோதனையையும் உன் அண்ணி கெடுத்துவிட்டாள். அங்கே கூண்டு கழுவப் போனவள், மேல்வரிசை எலிகள் குட்டி போட்டிருப்பதைப் பார்த்தாள். பிள்ளை பெற்றவளுக்குக் கடற்பாசி சூப் கொடுக்காத வீடு நம்மிடம் உண்டா? மாட்டிறைச்சி போட்டுக் கொதிக்கவைத்து, ஆற்றி எடுத்துப்போய், அந்த வரிசைத் தாய்களுக்கெல்லாம் ஊற்றிவிட்டாள். கொஞ்ச நாளில் சில குட்டிகள் தள்ளாடின. சோதனையை நடத்தும் டாக்டர் பியோன் தலையில் கைவைத்தார்.

“ஏம்மா, பாசியில அயோடின் இருக்கு. பால் வழியா குட்டிக்குப் போகும். இப்ப இது தள்ளாடுறது மருந்தாலயா, உங்க சூப்பாலயா?”

“பெத்தவ பெத்தவதான், எலின்னா என்ன? நான் இதே சூப்பைக் குடிச்சுத்தான் மூணு புள்ளைக்குப் பால் கொடுத்தேன். எதாச்சும் தள்ளாடுதா?”

“ரெண்டாவது தள்ளாடுறானே” என்றேன் நான்.

“அது சோஜு சாராயத்தால!”

எல்லாம் மறுபடி முதலிலிருந்து. இனி புது எலிகளுக்கு நானே காவல். உன் அண்ணியின் பையைச் சோதிக்காமல் உள்ளே விடமாட்டேன். வீட்டிலும் அவளோடு பேச்சை நிறுத்திவிட்டேன். சே-ரினுக்குச் சோதித்து முடித்த மருந்துதான் போய்ச் சேரவேண்டும்.

அவள் மடி நிறையட்டும். உன் மாமனார் சமாதியில் புல் வெட்ட நானும் வருகிறேன்.

இப்படிக்கு, அண்ணன்.

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது டாக்டர் போன் செய்தார். மேலே எழுதியதை அடித்துவிட்டுப் படி. பிறகு குட்டி போட்ட, சூப்பே படாத கீழ்வரிசையிலும் மருந்து தின்ற எலிகளின் குட்டிகள் அதே மாதிரி தள்ளாடுகின்றனவாம். மேல்வரிசையில் சூப் குடித்தும் மருந்து தொடாத எலிகளின் குட்டிகள் துள்ளுகின்றனவாம். மருந்தை நிறுத்திவிட்டார்கள். இனி வேறொன்று வரும். அதையும் முதலில் எலிதான் தின்னும், சே-ரின் இல்லை.

“என்னங்க! டாக்டர் போன்ல கத்துனது எனக்கும் கேட்டுச்சு! யாரு சூப்பைக் குறை சொன்னது? இங்க வாங்க!”

கூப்பிடுகிறாள், போகிறேன். சே-ரினிடம் மறக்காமல் சொல், மாமா அந்தப் பட்டையை அனுப்பாதது அவள்மேல் உள்ள பாசத்தால்தான்.